சிறுநீரக நரம்புச் சிகிச்சை: பிறஷர்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கிட்னி நரம்பைச் சுட்டால் பிறஷர் போய்விடுமாம்" என்று வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனில் சொல்ல, இங்கே வன்னியில் அம்மாமார் குளிசையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு இல்லை.

கவட்டு இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயொன்றைச் சிறுநீரக நாடிவரை செலுத்தி, அதைச் சுற்றியுள்ள நரம்புகளை ரேடியோ அலையாலோ அல்ட்ராசவுண்டாலோ சூடாக்கிச் செயலிழக்கச் செய்வதுதான் இந்தச் சிகிச்சை. சிறுநீரகத்தில் கத்தி படாது. அமெரிக்கா 2023 நவம்பரில் இதற்கான இரண்டு கருவிகளை அனுமதித்தது. ஆனால் 2014இல் வந்த பெரிய ஆய்வில், போலிச் சிகிச்சை (நரம்பைச் சுடாமல் சுட்டதுபோல் செய்வது) பெற்றவர்களைவிட உண்மையாகவே நரம்பைச் சுட்டுக்கொண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. பிந்திய ஆய்வுகளில் பலன் தெரிந்தது. அதுவும் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி அளவில்தான் கூடுதலாக இறங்கியது. 180இல் நிற்பவருக்கு இது மட்டும் போதாது.

அடுத்த தவறு, மருந்துக்கு அடங்காத பிறஷர் என்று அவசரப்பட்டு முடிவுகட்டுவது. சிறுநீர் போக்கும் குளிசை உட்பட மூன்று வகை மருந்தை முழு அளவில் ஒழுங்காகப் போட்டும் 140/90க்குக் கீழே வராவிட்டால்தான் அப்படிச் சொல்லலாம். கிளினிக் நாளில் நடப்பது வேறு. இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு, காலைக் குளிசையும் போடாமல், பஸ்ஸில் நின்று வந்து, மூச்சு வாங்க வாங்க, சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றி அளந்தால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து இருங்கள், காலைத் தொங்கவிடாமல் நிலத்தில் ஊன்றுங்கள், வெறும் கையில் அளக்கச் சொல்லுங்கள். வீட்டிலும் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

சமையலறையையும் பாருங்கள். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் உப்புத்தான். இருமலுக்கு நாளாந்தம் அவிக்கும் அதிமதுரமும் பிறஷரை ஏற்றும். பலருக்கு இது தெரியாது. வயல் வேலை முடிந்து மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் அப்படித்தான், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் ஏற்கெனவே நம்மை வாட்டுகிறது; சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவர்களுக்கு இந்த நரம்புச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதும் இல்லை.

குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல், அல்டோஸ்டிரோன் (உடம்பில் உப்பைத் தேக்கிவைக்கும்) ஹோர்மோன் மிகுதி போன்ற பிறஷரை ஏற்றும் காரணங்கள் உண்டா என்று டொக்டரிடம் கேளுங்கள். நாலாவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. அதைப் போட்டுப் பார்க்காமல் சிகிச்சைக்குக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

சரி, சிகிச்சை செய்தாயிற்று என்றாலும் பலன் தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பெரும்பாலானோருக்குக் குளிசை தேவை. குறைப்பதானால் டொக்டர் சொல்லிக் குறையுங்கள்.