விரத நாள நம்ம ஊரு வானத்துக்குப் பாக்கறது எப்படி

வாட்சப்ல பெருமாள் படம் போட்டு "நாளைக்கு ஏகாதசி, மறந்துடாதீங்க"ன்னு ஒன்னு வரும், அது மெட்ராஸ்லயோ திருச்சியிலயோ யாரோ போட்டது, கை மாறி கை மாறி நம்ம போனுக்கு வந்து சேரும், நாமளும் அத நம்பி பட்டினி கெடப்போம், ஆனா இங்க மலேசியாவுல அன்னிக்கு காலைல ஏகாதசிக்கு முந்துன தசமியாவே இருக்கும். எனக்கு இது ரெண்டு தடவ நடந்துச்சு. ரெண்டாவது தடவ அடுத்த திதி துவாதசி வந்துடுச்சுன்னு நெனச்சு சோறு சாப்பிட்ட அப்பறம்தான் அன்னிக்குத்தான் நம்ம ஊருக்கு ஏகாதசின்னு கோயில்ல சொன்னாங்க, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதுலேர்ந்து நானே கணக்கு பாத்துதான் விரதம் இருக்கறேன், அத இங்க எழுதறேன், ஒன்னும் கஷ்டமில்ல.

நாங்க இருக்கறது சுங்கை சிப்புட் பக்கம். முன்ன ரப்பர், இப்ப எண்ணெய் எடுக்கற செம்பனை, லயம்னு சொல்ற தோட்டத்து வரிசை வீடெல்லாம் போயி தாமான் (குடியிருப்பு) வீடு வந்துடுச்சு. எங்கப்பா ரப்பர் மரம் சீவி பாலெடுத்தவரு, அவரோட தகரப் பொட்டியில ஒரு பழைய பாம்பு பஞ்சாங்கம் கெடக்கு, அட்டைக்கு உள்பக்கம் பென்சில்ல "2 மணி கூட்டு"ன்னு எழுதி கீழ ரெண்டு கோடு போட்டு வச்சிருக்காரு. அந்த காலத்துக்கு அது சரி. 1982 ஜனவரி 1ல நம்ம பக்கம் கடிகாரத்த அர மணி நேரம் முன்னுக்கு தள்ளி வச்சாங்க இல்லையா, அதுலேர்ந்து இந்தியா நேரத்தோட ரெண்டரை மணி கூட்டணும். வீட்டுல பெரியவங்க எழுதி வச்ச பழைய குறிப்பு ஏதாச்சும் இருந்தா அத அப்படியே எடுத்துக்காதீங்க, எந்த வருஷத்துதுன்னு பாத்துட்டு எடுங்க.

மொதல்ல திதின்னா என்னன்னு புரிஞ்சிக்கிட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும். சூரியன விட்டு சந்திரன் பன்னெண்டு டிகிரி வெலகுனா ஒரு திதி, அப்படி ஒரு சுத்துக்கு முப்பது திதி, வளர்பிறை பதினஞ்சு தேய்பிறை பதினஞ்சு. சந்திரன் ஒரே வேகத்துல ஓடாது, அதனால ஒரு திதி 19 மணி நேரத்துலயும் முடியும், 26 மணி நேரம் வரைக்கும் இழுக்கும். திதி பகல்ல ஆரம்பிக்கும், நடுராத்திரியில முடியும், நம்ம கேலண்டர் கட்டத்துக்குள்ள அது அடங்காது. அது ஆரம்பிக்கற நிமிஷம் உலகத்துக்கே ஒன்னுதான், ஆனா சூரியன் உதிக்கறது ஊருக்கு ஊரு வேற, கொழப்பமெல்லாம் இந்த எடத்துலதான் வருது.

நம்ம ஊருல சூரியன் காலைல ஏழுலேர்ந்து ஏழரைக்குள்ள உதிக்குது. மெட்ராஸ்ல உதிக்கறப்ப நம்ம கடிகாரம் எட்டே காலுக்கு மேல காட்டும். அதாவது அவங்களுக்கு கிட்டத்தட்ட ஒன்னேகா மணி ஒன்னரை மணி முன்னாடியே நமக்கு விடிஞ்சிடுது. ஏகாதசிக்கு, சூரியன் உதிக்கறப்ப எந்த திதி இருக்கோ அதுதான் அந்த நாளுக்கு திதி. இப்ப ஒரு கணக்கு போட்டு பாருங்க. பஞ்சாங்கத்துல ஏகாதசி வெள்ளிக்கிழமை காலை 5.30க்கு ஆரம்பிச்சு சனிக்கிழமை காலை 5.15க்கு முடியுதுன்னு போட்டிருக்கு. மெட்ராஸ்ல வெள்ளி காலை ஆறு மணிக்கு உதயம், அப்ப ஏகாதசி இருக்கு, அவங்களுக்கு வெள்ளி. நமக்கு ரெண்டரை கூட்டுனா வெள்ளி காலை 8.00லேர்ந்து சனி காலை 7.45 வரைக்கும். வெள்ளிக்கிழமை 7.15க்கு நமக்கு விடியறப்ப ஏகாதசி இன்னும் வரல, சனிக்கிழமை விடியறப்பதான் இருக்கு, அப்ப நமக்கு சனி. பெருமாள் கோயில் வழக்கத்துல இருக்கறவங்க இன்னும் கறாரு, விடியறதுக்கு நாலு நாழிகை, அதாவது 96 நிமிஷம் முன்னாடியே தசமி வெலகி இருக்கணும்பாங்க, அவங்க அவங்க கோயில்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

ஆனா எல்லா விரதத்துக்கும் விடியக்காலை பாக்கக் கூடாது, இதத்தான் நெறய பேரு தப்பா பண்றாங்க. பிரதோஷத்துக்கு சாயங்காலம் சூரியன் எறங்கறப்ப திரயோதசி இருக்கான்னு பாக்கணும். ஆலகால விஷத்த சிவன் குடிச்சு, நந்தியோட ரெண்டு கொம்புக்கு நடுவுல ஆடுனது அந்த நேரத்துலன்னு சொல்லுவாங்க, அதனால அந்த நேரம்தான் முக்கியம். இந்தியா கேலண்டர்ல நாலரைலேர்ந்து ஆறுன்னு போட்டிருக்கும், அது அவங்க சூரியனுக்கு. நமக்கு பெரும்பாலும் ஏழு மணிக்கு மேலதான் சூரியன் எறங்குது, அதனால ஆறு மணிக்கு மேல கோயிலுக்கு போனாலே அபிஷேகம் பாக்கலாம், வேலை விட்டு வந்து குளிச்சிட்டு போக நமக்கு வசதிதான். சங்கடஹர சதுர்த்திக்கு ராத்திரி நிலா வர்றப்ப தேய்பிறை சதுர்த்தி இருக்கணும், நிலாவ பாத்துட்டு பிள்ளையாருக்கு அருகம்புல் வச்சு கும்பிட்டுத்தான் சாப்பாடு. நம்ம ஊரு மேகத்துக்கு பாதி நாளு நிலா தெரியாது, நிலா வர்ற நேரத்த போன்ல பாத்துக்கிட்டு அந்த தெசைய பாத்து கும்பிட்டா போதும். சிவராத்திரிக்கு நடுராத்திரியில சதுர்த்தசி இருக்கணும். அமாவாசை தர்ப்பணத்துக்கு மத்தியானத்துக்கு மேல உள்ள பொழுதத்தான் பாப்பாங்க. கிருத்திகை, தைப்பூசம், வைகாசி விசாகம், பங்குனி உத்திரம் இதெல்லாம் நட்சத்திரக் கணக்கு, திதியோட சேத்து கொழப்பிக்காதீங்க.

பஞ்சாங்கம் கையில இல்லன்னா ஒரு வழி இருக்கு, எங்கம்மா சொல்லிக் குடுத்தது. சீனங்கடையில பெரிய எழுத்து கேலண்டர் மாட்டியிருப்பாங்க பாருங்க, அதுல சீன மாசம் ஒன்னாந்தேதி எந்த நாளோ, நம்ம அமாவாசை அன்னிக்கு இல்லன்னா அதுக்கு முந்துன நாளு. சீனாவும் நம்ம கடிகார நேரந்தான், அமாவாசை முடியற நிமிஷம் எந்த நாள்ல விழுதோ அந்த நாளு அவங்களுக்கு ஒன்னாந்தேதி. 2025ல தை அமாவாசையும் சீனப் பெருநாளும் ஒரே நாள்ல, ஜனவரி 29ல வந்துச்சு. அவங்க பதினஞ்சாந்தேதி நம்ம பௌர்ணமிய ஒட்டி வரும். அந்த ரெண்டு நாளும் சீனவங்க பல பேரு சைவம், அன்னிக்கு டவுன்ல சீன சைவக் கடையில நல்ல கூட்டமா இருக்கும், கோயில் வழக்கத்துல சமைக்கறவங்க வெங்காயம் பூண்டு சேக்க மாட்டாங்க, வேலைக்கு போற எடத்துல அமாவாசை சாப்பாட்டுக்கு திண்டாடறவங்க அங்க கேட்டுப் பாருங்க.

வருஷத்துல எதெல்லாம் விடக்கூடாதுன்னு கேட்டா, செத்துப்போன அப்பா அம்மாவுக்கு தை, ஆடி, புரட்டாசி இந்த மூனு அமாவாசையும் விடாதீங்க. தை உத்தராயணத்துல வர்ற மொத அமாவாசை, ஆடி தட்சிணாயனத்துல வர்றது, புரட்டாசியில வர்றது மகாளய அமாவாசை, அதுக்கு முன்னாடி பதினஞ்சு நாளும் முன்னோருங்க நம்ம வீட்ட தேடி வர்றாங்கன்னு நம்பிக்கை. எள்ளும் தண்ணியும் எறைக்கறது பெரும்பாலும் அப்பா இல்லாத ஆம்பளைங்க, மத்தவங்க வாழக்கா போட்டு சமைச்சு காக்காவுக்கு வச்சிட்டு சாப்பிடலாம். எங்க பக்கம் சில நாளு காக்கா வராது, மைனாதான் கூட்டமா வந்து எறங்கும். எங்க பெரியம்மா அதுக்கு கவலப்பட்டு கூப்பிட்டுக்கிட்டே நிப்பாங்க, வெயில் ஏறிடும். இங்க ஊருக்குள்ள திரியற சாம்பல் கழுத்து காக்காவே இலங்கையிலேர்ந்து கிள்ளானுக்கு கொண்டு வந்ததுதான், காப்பித் தோட்டத்துல புழு திங்கறதுக்கு. எந்தப் பறவை வந்து தின்னாலும் நான் மனசார ஏத்துக்கறேன்.

மாசியில சிவராத்திரி, நாலு சாமம் முழிக்கணும், முடியாதவங்க நடுராத்திரி பூசை வரைக்குமாவது இருங்க. ஆவணி வளர்பிறையில விநாயகர் சதுர்த்தி, புரட்டாசி அமாவாசை முடிஞ்ச மறுநாள்லேர்ந்து நவராத்திரி. தீபாவளி அமாவாசை முடிஞ்சதும் பிரதமையிலேர்ந்து கந்த சஷ்டி ஆறு நாளு, ஆறாம் நாள் சாயங்காலம் சூரசம்ஹாரம், ஏழாம் நாள் திருக்கல்யாணம் பாத்துட்டு முடிக்கணும். புள்ளை இல்லாதவங்க அழுதுக்கிட்டே வந்து இருக்கற விரதம் இது, நான் கண்ணால பாத்திருக்கேன், பக்கத்துல இருக்கறவங்க அவங்கள ஒன்னும் கேக்காம ஒரு டம்ளர் பாலு குடுத்தா அதுவே பெரிய புண்ணியம். மார்கழி வளர்பிறையில வைகுண்ட ஏகாதசி. இது 2024ல ஏன் வரலன்னு எங்கிட்டயே நாலு பேரு கேட்டாங்க. தமிழ் மாசம் சூரியக் கணக்கு, ஏகாதசி சந்திரக் கணக்கு, அதனால 2023 டிசம்பர் 23க்கு அப்பறம் 2025 ஜனவரி 10லதான் வந்துச்சு, அப்பறம் அதே 2025ல டிசம்பர் கடைசியில இன்னொன்னு.

சாப்பாடு விஷயம். ஏகாதசிக்கு அரிசி கோதுமை எந்த தானியமும் கெடையாது, முடிஞ்சவங்க தண்ணியோட, முடியாதவங்க பாலு, வாழப்பழம், பப்பாளி, அவிச்ச மரவள்ளி, சக்கரவள்ளி. காலைல பசியாற சேமியா மாதிரி இருக்கற மீகூன் சாப்பிட்டா அது அரிசிதான், நெறய பேருக்கு தோனறதில்ல. எட்டு வயசுக்கு மேல எம்பது வயசுக்குள்ளன்னுதான் பெரியவங்களே வரம்பு வச்சிருக்காங்க. சுகர் இருக்கறவங்க, ஊசி போடறவங்க, வயித்துப் புள்ளைக்காரங்க கிளினிக்ல கேக்காம பட்டினி இருக்கவே கூடாது, மருந்த நிறுத்தவும் கூடாது. எங்கம்மா கடைசி நாலு வருஷம் மருந்து சாப்பாடெல்லாம் வேளைக்கு எடுத்துக்கிட்டு, அன்னிக்கு முழுக்க நாமத்த மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அது விரதமில்லன்னு யாரும் சொல்ல முடியாது. வெயில்ல செம்பனை குலை அறுக்கறவங்களும் தண்ணிய விட்டுடாதீங்க, நீர் குடிச்சா விரதம் முறியாது.

விரதம் முடிக்கறதுதான் ஷிப்டுக்காரங்களுக்கு செரமம். பாரணை துவாதசியில விடிஞ்ச அப்பறம்தான் பண்ணனும், அதுலயும் துவாதசியோட மொத கால் பாகம் கழியணும், துவாதசி முடியறதுக்குள்ளயும் பண்ணிடணும். பேக்டரி பஸ் ஆறரைக்கே வந்துடுது, அப்ப இருட்டு. இதுக்கு அம்பரீஷ மகாராஜா வழி காட்டியிருக்காரு, துர்வாசர் குளிக்கப் போயி திரும்பல, துவாதசி முடியப்போகுது, விருந்தாளிய விட்டுட்டு சாப்பிடவும் கூடாது, தண்ணி குடிச்சா சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு, சாப்பிடாத மாதிரியும் ஆச்சுன்னு வெறும் தண்ணிய குடிச்சு விரதத்த முடிச்சாரு. அதனால நான் ஒரு சின்ன போத்தல்ல துளசி தண்ணி கொண்டு போவேன், நேரம் பாத்து மொத தேநீர் பிரேக்ல மூனு மடக்கு குடிச்சா பாரணை ஆச்சு. அகத்திக்கீரை, நெல்லிக்கா, சுண்டக்கா மூனும் மத்தியான டப்பாவுல இருக்கும். அகத்தி வேலியோரம் ஒரு குச்சி நட்டா வந்துடும், சுண்டக்கா செம்பனைக்கு நடுவுல தானாவே மொளச்சு கெடக்கு, நெல்லிக்காதான் பசார்ல வாங்கணும், அத மொத நாளே வாங்கி வச்சிடுங்க.