கார் இல்லாமல் ஒரு பேட்டையை நாள் முழுக்கச் சுற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரில் போனால் எப்படித் திட்டம் போடுவோமோ, அதே திட்டத்தை எடுத்துக்கொண்டு காரை மட்டும் கழித்துவிடுகிறார்கள். இங்கேதான் பாதிப் பேருக்கு நாள் கெட்டுப்போகிறது. ஒரு கோடியில் கோட்டை, மறுகோடியில் பூங்கா, நடுவில் சந்தை, மாலையில் ஆற்றங்கரை என்று வரைபடத்தில் ஏழெட்டுப் புள்ளி குத்திக்கொண்டு கிளம்பினால், பஸ் ஸ்டாப்பில் நின்றதுதான் அதிகம் என்று ஆகிவிடும்.

மேப் சொல்லும் நேரத்தை அப்படியே நம்புவதும் இதோடு சேர்ந்த தவறுதான். நடை என்றால் அது ஏறக்குறைய மணிக்கு 5 கி.மீ. என்று கணக்குப் போடுகிறது. 2 கி.மீ. தூரத்துக்கு 25 நிமிடம் என்று காட்டும். எங்கும் நிற்காமல் வேலைக்கு ஓடுகிறவருக்கு அது சரி. ஊர் பார்க்க வந்தவர் சிக்னலில் நிற்பார், பழைய வீட்டுத் திண்ணையைப் படமெடுப்பார், பக்கத்துச் சந்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். 2 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். போகவும் வேண்டும், வந்ததே அதற்குத்தானே! அதனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணியில் நடந்துவிடக்கூடிய பரப்பாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கட்டாயம் பார்க்க வேண்டியவை இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றதைத் தெருவிடம் விட்டுவிடுங்கள்.

அந்த இரண்டு மூன்றுக்கு மட்டும் வார விடுமுறையையும் நேரத்தையும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பல ஊர்களில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. பாரிஸின் லூவருக்கோ செவ்வாய். மூடும் நேரம் மாலை 5 என்றால் 4:55-க்குப் போய் நிற்கக் கூடாது. கடைசி நுழைவை அரை மணி, ஒரு மணி முன்பாகவே நிறுத்திவிடும் இடங்கள் நிறைய.

அடுத்தது கால். புதுச் செருப்பு, புது ஷூ இரண்டுமே அன்றைக்கு வேண்டாம். உரசலும் ஈரமும் சேரும்போதுதான் கொப்புளம் வருகிறது. வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும் கனமான பருத்திக் காலுறை கொப்புளத்துக்குத்தான் நல்ல துணை, காலுக்கு அல்ல! குதிகாலிலோ சுண்டுவிரலிலோ ஓரிடம் மட்டும் சுருக்கென்று சூடாகத் தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. 'அடுத்த தெருவில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நடக்காமல், அங்கேயே உட்கார்ந்து, காலைக் காயவைத்து, ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. விட்டால் பிற்பகல் முழுக்க நொண்ட வேண்டியதுதான். பொழுது ஏற ஏறப் பாதமும் சற்று வீங்கும் என்பதால், மதியத்துக்கு மேல் லேஸைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் சுகமாக இருக்கும்.

நடப்பதுதான் அசதி, உள்ளே போய்விட்டால் ஓய்வு என்று அருங்காட்சியகத்துக்குள் நுழைகிறவர்களும் உண்டு. அங்கே உட்காரவா போகிறோம்? நின்று, குனிந்து, கழுத்தை வளைத்துப் பார்ப்பதும் வேலைதான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன், காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் உடம்பை எப்படியெல்லாம் வளைக்க வேண்டியிருக்கிறது என்று படமெடுத்தே 1916-ல் காட்டிவிட்டார். உண்மையான ஓய்வு என்றால் உட்காருவதுதான். கால் கடுத்த பிறகு இடம் தேடினால் ஒரு பெஞ்சும் கண்ணில் படாது. கடுக்கும் முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

காலடி எண்ணும் ஆப்பைப் பார்த்து இலக்கு வைப்பதும் தேவையில்லாத வேலை. பலரும் வைத்துக்கொள்ளும் 'நாளுக்கு 10,000 காலடி' என்ற எண்ணே 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவியதுதான்.

போனை நம்பிப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. ஊரை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால் எல்லாம் ஆயிற்று என்று நினைக்கிறோம். கூகுள் மேப்ஸில் அப்படி இறக்கிய வரைபடம், நெட் இல்லாதபோது கார் போகும் வழியைச் சொல்லும். நடை வழியையும் பஸ், ரயில் வழியையும் சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்த இரண்டும்தான். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால், நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவுவதும் உண்டு. முக்கியமான நான்கைந்து தெருப் பெயர்களையும் இறங்கும் ஸ்டேஷன் பெயரையும் காகிதத்தில் எழுதிக்கொண்டால், வெயிலில் திரையைப் பளிச்சென்று வைத்து சார்ஜைக் கரைக்க வேண்டியிருக்காது.

வெயில் என்றதும் ஒன்று. வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலை வேளையில் கிழக்குப் பக்க நடைபாதையிலும், பிற்பகலில் மேற்குப் பக்கத்திலும் கட்டட நிழல் விழும். சும்மா எதிர்ப்பக்கம் மாறினாலே பாதிக் களைப்பு குறையும். கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பது ரொம்பத் தப்பு. நூலகம், பெரிய ரயில் நிலையம், டிக்கெட் வாங்கி நுழைகிற இடம் என்று வழியில் எங்கே வசதி இருக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டு, தாராளமாகக் குடியுங்கள்.

கார் டிக்கி இல்லை என்பது காலை பத்து மணிக்கு யாருக்கும் நினைவு வராது. அழகாக இருக்கிறதே என்று வாங்கிய பீங்கான் ஜாடியை இரவு வரை சுமக்கப்போவது நம் தோள்தான். கடையைப் பார்த்து வைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் வாங்குங்கள். மேடான பகுதி என்றால் பஸ்ஸில் மேலே ஏறி, நடந்து கீழே இறங்கலாம் (முழங்கால் வலி உள்ளவர்கள் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளவும்).

ஒரு நாள் பாஸ் வாங்கும் முன், அது முதல் பயணத்திலிருந்து 24 மணி நேரமா, அன்றைய போக்குவரத்து முடியும் வரையா என்று கேளுங்கள். மாலை வாங்குகிறவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். முக்கால்வாசி நடக்கத்தான் போகிறோம் என்றால் பாஸே வேண்டியிருக்காது.

அப்புறம், திரும்பும் கணக்கு. கடைசி ரயில் எப்போது என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். அதுவும் அன்றைய கிழமைக்கான அட்டவணையில். ஞாயிற்றுக்கிழமைக்குப் பல ஊர்களில் தனி நேரம். நடையைத் தொலைவான மூலையில் தொடங்கி ஸ்டேஷனை நோக்கி வருவதுபோல் அமைத்துக்கொண்டால், எந்த நேரத்தில் போதும் என்று தோன்றினாலும் ரயில் பக்கத்திலேயே இருக்கும்.