கரண்டு பில் குறைய முதலில் மீட்டரைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தவர்களிடம் கேட்டால், "வீடும் பெரிசு, பில்லும் பெரிசு" என்பார்கள். புதிதாக எதையும் வாங்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

படி 1: இரவு படுக்கும்போது ஐஸ்பெட்டி தவிர மற்றதை எல்லாம் அடைத்துவிட்டு, மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி பாருங்கள். நீங்கள் தூங்கிய நேரத்தில் ஓடிய யூனிட் தெரியும்.

எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. தேடிப் பார்த்தால், சாமி மேடையில் இரண்டு சிவப்பு பல்புகள். ஒவ்வொன்றும் 15 வாட். இரவு பகலாக எரிவதால் மாதம் 21.6 யூனிட். அம்மாவிடம் அணைக்கச் சொல்ல முடியுமா? 1 வாட் எல்இடி சிவப்பு பல்பு இரண்டு வாங்கி மாட்டினேன். இப்போது மாதம் ஒன்றரை யூனிட்கூட ஆவதில்லை. வெளிச்சம் குறையவில்லை என்று அம்மாவே சொன்னார்.

படி 2: பில்லில் மொத்த யூனிட்டைப் பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து கட்டண முறை மாறிவிட்டது. மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் 10 ரிங்கிட் தனியாகச் சேரும். 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சிக்கனத் தள்ளுபடி உண்டு. எவ்வளவு குறைவாக எரிக்கிறோமோ, யூனிட்டுக்குத் தள்ளுபடி அவ்வளவு அதிகம். 600-ஐ ஒட்டி இருப்பவர்கள் கட்டாயம் கவனியுங்கள்.

படி 3: ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு நாளிதழ்த் துண்டை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வழுக்கி வந்தால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது, குளிர் வெளியே போகிறது. கதவைச் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். கீழ்மூலையை மறக்க வேண்டாம். பல சமயம் ரப்பர் மடிப்பில் கறுப்பாகப் படிந்த அழுக்குதான் காரணம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியை நனைத்துத் தேயுங்கள், துடைத்துக் காயவிட்டு மறுபடி சோதியுங்கள். கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். பெட்டியை அடுப்பை விட்டுத் தள்ளி, பின்னால் காற்று போக இடம் விட்டு வையுங்கள்.

படி 4: வெந்நீரை நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கும் மின்பானை தேவையில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது அம்மா கோப்பி ஊற்றிச் சென்ற தெர்மோஸ் குடுவையே போதும். காலையில் ஒருமுறை கொதிக்க வைத்து ஊற்றிவிடுங்கள்.

படி 5: ஏர்கோன் இருந்தால் 24 டிகிரியில் வைத்துக் காற்றாடியையும் போடுங்கள். செம்பனை லாரி போகும் சாலையோரம் புழுதி சீக்கிரம் அடைக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள். சரி, இன்னும் ஏர்கோன் வாங்கவில்லையா? முதலில் துத்தநாகக் கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் அடியுங்கள். மதியம் வீட்டுக்குள் இறங்கும் சூடு நன்றாகக் குறையும்.

அப்புறம், ஒரு மாதம் கழித்துப் படி 1-ஐ மறுபடி செய்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.