உட்படு வளைவரையின் போக்கை வகைக்கெழு கொண்டு அறிவது எப்படி?

x³ + y³ = 3xy என்ற சமன்பாட்டில் y-ஐத் தனியே பிரித்தெடுப்பது பெரும்பாடு. இப்படி y தனித்து நிற்காமல் x-உடன் கலந்தே வரும் சமன்பாடு தரும் வளைவரைதான் உட்படு வளைவரை. பிரிக்கத் தேவையும் இல்லை. கணித அறிஞர் டெகார்ட் 1638-இல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்குச் சவாலாக முன்வைத்த வளைவரை இது. வழக்கமான சிக்கல்கள் பலவும் இதிலேயே வந்துவிடுவதால் பயிற்சிக்குத் தோதானது.

இருபுறமும் x-ஐப் பொறுத்து வகையிடுங்கள். y என்பது x-இன் சார்பு. ஆகவே சங்கிலி விதிப்படி y³-க்கு 3y²y′ வரும் (y′ என்பது dy/dx, அதாவது சாய்வு). வலப்பக்கம் பெருக்கல் விதிப்படி 3y + 3xy′. இதில் 3y-ஐ விட்டுவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. y′ உள்ள உறுப்புகளை ஒருபக்கம் சேர்த்தால்:

y′ = (y − x²)/(y² − x)

கிடைமட்டத் தொடுகோட்டுக்குத் தொகுதி பூச்சியமாக வேண்டும்: y = x². பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். y = x² ஒரு முழுப் பரவளையம்; அதன் எந்தப் புள்ளி நம் வளைவரையில் இருக்கிறது என்பதை மூலச் சமன்பாடுதான் சொல்லும். பிரதியிட்டால் x³(x³ − 2) = 0. ஆக x = ∛2 ≈ 1.26, y = ∛4 ≈ 1.59. அங்கே பகுதி பூச்சியமில்லை, எனவே விடை சரி. x-ஐயும் y-ஐயும் இடம் மாற்றினாலும் சமன்பாடு மாறாது. செங்குத்துத் தொடுகோடு (∛4, ∛2)-இல் அமையும், தனிக் கணக்கு வேண்டாம்.

x = 0 என்ற இன்னொரு தீர்வு? ஆதிப்புள்ளியில் தொகுதி, பகுதி இரண்டுமே பூச்சியம். 0/0 வந்ததும் சாய்வு பூச்சியம் என்று எழுதிவிடாதீர்கள். சூத்திரத்தால் அங்கே எதையும் சொல்ல முடியாது. சமன்பாட்டில் படி மிகக் குறைந்த உறுப்பை மட்டும் பூச்சியமாக்குங்கள்: xy = 0. இரு அச்சுகளுமே தொடுகோடுகள். வளைவரை அங்கே தன்னையே வெட்டிக்கொள்கிறது.

குழிவை, அதாவது வளைவரை எப்பக்கம் வளைகிறது என்பதைக் காண இரண்டாம் வகைக்கெழு y″ வேண்டும். அதற்குப் பின்னத்தை மறுபடி வகையிட்டுத் திண்டாட வேண்டாம். x² + y²y′ = y + xy′ என்ற வரியையே வகையிடுங்கள்:

(y² − x)y″ = 2y′ − 2x − 2y(y′)²

(∛2, ∛4)-இல் y′ = 0, y″ = −2; அது இடஞ்சார்ந்த பெருமம். (3/2, 3/2)-இல் y′ = −1, y″ = −32/3; கீழ்நோக்கிக் குழிவு. கடைசி உறுப்பை மறந்தால் −20/3 வரும். குறி மாறாததால் அந்தப் பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

தொலைவில் என்ன ஆகிறது? அங்கே x³ + y³ மேலோங்குவதால் y ஏறக்குறைய −x ஆகும். ஆகவே y = −x + c எனப் பிரதியிட்டு x²-இன் கெழுக்களை ஒப்பிடுங்கள். 3c = −3, எனவே வளைவரை தொலைவில் நெருங்கிச் செல்லும் கோடான தொலைத்தொடுகோடு x + y + 1 = 0.