கேட் தேர்வுக் கணக்குகளைப் பழகும் முறை

இந்திய மேலாண்மை நிறுவனங்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாத இறுதியில் நடத்தும் கேட் (CAT) நுழைவுத் தேர்வில் மூன்று பகுதிகள் உண்டு. ஆங்கில வாசிப்பு முதலிலும், தரவு விளக்கமும் தருக்கமும் சேர்ந்த பகுதி அடுத்தும், கணிதம் கடைசியிலும் வருகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒன்றின் நேரம் தீரும் முன் அடுத்ததற்குத் தாவவோ, தீர்ந்த பின் முந்தையதற்குத் திரும்பவோ முடியாது. 2021 முதல் 2024 வரையிலான நான்கு ஆண்டுகளிலும் கணிதத்தில் 22 கேள்விகளே இடம்பெற்றன. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு தெரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். விடையை நாமே எண்ணாக உள்ளிட வேண்டிய கேள்வியில் தவறினால் இழப்பு ஏதும் இல்லை.

இந்த அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் தொடங்கும் பயிற்சி பெரும்பாலும் திசை மாறிவிடுகிறது. 40 நிமிடத்தை 22 ஆல் வகுத்தால் கேள்விக்கு 109 விநாடி கிடைக்கிறது. நன்கு தயாரானவருக்கும் நடுத்தரமான ஒரு கணக்கைப் படித்து, அமைத்து, விடை கண்டு, சரிபார்க்க இரண்டரை முதல் மூன்று நிமிடம் பிடிக்கும். ஆகவே எல்லாக் கேள்விகளையும் முடிப்பதைப் பெரும்பாலோர் குறிக்கோளாகக் கொள்ளவே வேண்டியதில்லை. 13 கேள்விகளைத் தொட்டு, 11 சரியாகவும் தெரிவுக் கேள்விகள் இரண்டு தவறாகவும் அமைந்தவருக்கு 31 மதிப்பெண் கிடைக்கிறது. 20 கேள்விகளை அவசரமாகத் தொட்டு, அதே 11 சரியாகவும் தெரிவுக் கேள்விகள் 9 தவறாகவும் அமைந்தவருக்கு 24 தான். கணக்கைத் தீர்க்கும் திறனோடு, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கும் திறனையும் முதல் நாளிலிருந்தே பழக வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும். பயிற்சி நூல்களும் வகுப்புகளும் முதலாவதைத் தாராளமாகக் கற்றுத் தருகின்றன. இரண்டாவதை மாணவர்தான் தாமாகப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடித்தளத்துக்குப் பெரிய நூல்கள் தேவையில்லை. பாடத்திட்டத்தின் பெரும்பகுதி பத்தாம் வகுப்பைத் தாண்டுவதில்லை. மடக்கை, சார்புகள், வரிசை மாற்றங்கள், சேர்வுகள் ஆகியவற்றுக்கு மட்டும் மேல்நிலைப் பாடநூலின் தொடக்க அத்தியாயங்களைப் புரட்ட வேண்டும். தமிழ்நாடு அரசின் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான கணிதப் பாடநூல்களில் உள்ள பயிற்சிகளைத் தடையின்றிச் செய்ய முடிந்தவர் அடுத்த படிக்குத் தயாராகிவிட்டார் என்று கொள்ளலாம். (தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர்க்கைக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வின் கணக்குகளுக்கும் இதே அடித்தளம் உதவும்.)

தொடங்கும் இடத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பல நூல்கள் எண்ணியலை முதல் அத்தியாயமாக வைப்பதால், மீதி காண்பதிலும் கடைசி இலக்கம் காண்பதிலும் மாணவர்கள் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். அண்மை ஆண்டுகளின் வினாத்தாள்களில் மிகப் பெரிய பங்கு எண்கணிதத்துக்கும், அதற்கு அடுத்த பங்கு இயற்கணிதத்துக்கும் கிடைக்கின்றன. ஆகவே எண்கணிதத்தின் அடிப்படையான விழுக்காடு, விகிதம் என்ற இரண்டிலிருந்து தொடங்குவதே முறை. இலாப நட்டம், வட்டி, கலவை, வேலையும் காலமும், வேகமும் தொலைவும் ஆகிய தலைப்புகள் எல்லாம் உண்மையில் விகிதக் கணக்குகளே. அந்த ஒற்றுமை கண்ணில் படத் தொடங்கும்போது ஐந்து அத்தியாயங்களுக்குத் தனித்தனியாக மனப்பாடம் செய்த சூத்திரங்கள் தேவையற்றுப் போகின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு பொருளின் விலை 25 விழுக்காடு உயர்ந்தால், செலவு மாறாமல் இருக்க அதன் நுகர்வை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 25 விழுக்காடு என்பது 1/4. விலை 4 இலிருந்து 5 ஆகிறது என்றால் நுகர்வு 5 இலிருந்து 4 ஆக வேண்டும். குறைவு 1/5, அதாவது 20 விழுக்காடு. 1/6 உயர்ந்தால் 1/7 குறைய வேண்டும், 1/8 உயர்ந்தால் 1/9 குறைய வேண்டும். இனி வேறொரு தலைப்பிலிருந்து ஒரு கேள்வி: ஒருவர் வழக்கமான வேகத்தில் 4/5 பங்கு வேகத்தில் சென்றதால் அலுவலகத்துக்கு 15 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார் எனில், அவருக்கு வழக்கமாக ஆகும் நேரம் எவ்வளவு? தொலைவுக்கும் வேகத்துக்கும் எழுத்துகள் வைத்துச் சமன்பாடு எழுதியும் விடை காணலாம். ஆனால் வேகம் 4/5 ஆனால் நேரம் 5/4 ஆகும், கூடிய கால் பங்குதான் அந்த 15 நிமிடம், ஆகவே வழக்கமான நேரம் 60 நிமிடம் என்று எழுதுகோலைத் தொடாமலே சொல்லிவிட முடிகிறது. விலைக் கணக்கும் வேகக் கணக்கும் ஒரே கணக்கு என்பதை உணர்வதற்காக, 1/2 முதல் 1/12 வரையிலான பின்னங்களின் விழுக்காட்டு மதிப்புகளைத் தடுமாற்றமின்றிச் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

வேலைக் கணக்குகளிலும் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருப்பதை விட முழு எண்களாக மாற்றிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 18 நாளிலும் முடிக்கும் வேலையை, அவ்விரண்டு எண்களின் மீச்சிறு பொது மடங்கான 36 அலகு என்று வைத்துக்கொண்டால், முதலாமவர் நாளுக்கு 3 அலகும் இரண்டாமவர் 2 அலகும் செய்கிறார்கள்; சேர்ந்து செய்தால் 7.2 நாள். இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி வேலை செய்தால், 14 நாளில் 35 அலகு முடிந்து ஓர் அலகு எஞ்சும். முதலாமவர் தொடங்கியிருந்தால் அந்த அலகுக்கு மூன்றில் ஒரு பங்கு நாளும், இரண்டாமவர் தொடங்கியிருந்தால் அரை நாளும் பிடிக்கும். யார் தொடங்கினார் என்ற ஒரு சொல்லில் விடை மாறுவதைக் கவனிக்க வேண்டும்.

விடை வந்தவுடன் அடுத்த கணக்குக்கு ஓடுவதுதான் பயிற்சியில் நான் காணும் பெரிய குறை. ஒரு கணக்கிலிருந்து கிடைக்கக்கூடிய பயனில் பாதிக்கு மேல் விடைக்குப் பிறகே கிடைக்கிறது. x² − 6x + k = 0 என்ற சமன்பாட்டின் இரு மூலங்களும் மிகை முழு எண்கள் எனில், k எத்தனை மதிப்புகளை ஏற்கும்? மூலங்களின் கூடுதல் 6 என்பதால் 1, 5 என்றும் 2, 4 என்றும் 3, 3 என்றும் அமையலாம்; k இன் மதிப்புகள் 5, 8, 9 ஆகிய மூன்று. இரு மூலங்களும் சமமாகவும் இருக்கலாம் என்பதை மறந்தவர் இரண்டு என்று எழுதியிருப்பார். இப்போது நிபந்தனையை நாமே மாற்றிப் பார்க்க வேண்டும். பூச்சியமும் மூலமாகலாம் என்றால் 0, 6 சேர்ந்து நான்கு மதிப்புகள் ஆகின்றன. மூலங்கள் எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம் என்றால் k க்கு முடிவிலி மதிப்புகள். மூலங்கள் மெய்யெண்களாக இருந்தால் போதும், ஆனால் k மிகை முழு எண்ணாக இருக்க வேண்டும் என்றால், k இன் மதிப்பு 9 ஐத் தாண்டக் கூடாது என்பதால் ஒன்பது மதிப்புகள். ஒரே சமன்பாட்டிலிருந்து நான்கு கணக்குகள் பிறந்துவிட்டன. தேர்வில் வரப்போவது இந்த நான்கில் ஏதேனும் ஒன்றின் சாயலாகவே இருக்கும்.

வடிவியலில் இதே முறையை ஒரு முக்கோணத்தை வைத்துச் செய்யலாம். 13, 14, 15 என்ற பக்கங்களைக் கொண்ட முக்கோணத்தின் பரப்பு 84; உள்வட்ட ஆரம் 4; சுற்றுவட்ட ஆரம் 65/8; 14 என்ற பக்கத்துக்கு வரையப்படும் குத்துயரம் 12, அது அப்பக்கத்தை 5, 9 என்று பிரிக்கிறது. நடுக்கோடு, கோண இருசமவெட்டி என எந்தப் புதிய சூத்திரத்தைப் படித்தாலும் அதை இந்த முக்கோணத்தில் பொருத்திச் சரிபார்த்தால் சூத்திரம் மனத்தில் தங்கும். வடிவியலில் இதற்கு மேல் பலருக்கும் தேவைப்படுவது வட்டத்தின் தொடுகோடுகளும் வடிவொத்த முக்கோணங்களும்தான்.

தவறுகளுக்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளும்படி எல்லோரும் சொல்வார்கள். அதில் என்ன எழுதுவது என்பதைத்தான் சொல்வதில்லை. தீர்வை முழுவதுமாக நகலெடுத்து வைப்பதால் பயனில்லை. தவறு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும். கருத்து தெரியாமல் நேர்ந்த தவறு என்றால் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். கணக்கிடும்போது நேர்ந்தது என்றால் நாளுக்குப் பத்து நிமிடம் பெருக்கலும் வகுத்தலும் பழக வேண்டும். கேள்வியைப் படிப்பதில் நேர்ந்தது என்றால் மருந்து வேறு. ஒரே மாதிரியான 10 மிட்டாய்களை 3 குழந்தைகளுக்குப் பகிரும் வழிகள், ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒன்றாவது கிடைக்க வேண்டும் என்றால் 36; சிலருக்கு ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் என்றால் 66. வினா அமைப்பவர் இவ்விரு எண்களையும் தெரிவுகளில் வைப்பார் என்பதால், தெரிவுகளில் தம் விடை இருப்பதைக் கண்டு மாணவர் ஏமாந்துவிடுகிறார். ‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’, ‘வெவ்வேறு’, ‘முழு எண்’ போன்ற நிபந்தனைகளைத் தாளில் குறித்துக்கொண்டு பிறகே கணக்கைத் தொடங்கும் பழக்கம் இத்தகைய தவறைக் குறைக்கும். நான்காவது வகை, கணக்கு சரியாகவே வந்திருந்தாலும் அதற்கு ஆறு நிமிடம் செலவிட்டிருப்பது. இதையும் தவறாகவே பதிவுசெய்ய வேண்டும்.

எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதையும் பழக வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு, நேரம் வைத்து 22 கேள்விகள் கொண்ட தொகுப்பை எடுத்து, முதல் சுற்றில் ஒவ்வொரு கேள்வியையும் இருபது விநாடியில் படித்து முடிவெடுக்க வேண்டும். வழி உடனே தெரிந்தால் அங்கேயே தீர்த்துவிடலாம். வழி தெரிந்தும் நீளமாகத் தோன்றினால் குறியிட்டுவிட்டு நகரலாம். வழியே தெரியாவிட்டால் மறந்துவிடலாம். பதினேழாவது கேள்வி மிக எளிதாக இருந்து, நான்காவது கேள்வியில் சிக்கியவர் அதைப் பார்க்காமலே போவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. இரண்டாம் சுற்றில் குறியிட்டவற்றுக்குத் திரும்பலாம். ஆனால் எதிலும் மூன்று நிமிடம் கடந்து, விடை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லையென்றால் கைவிட்டுவிட வேண்டும். ஊகத்தைப் பற்றியும் ஒரு சொல்: நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தால் சராசரியாகக் கிடைப்பது பூச்சியம், ஒரு தெரிவை உறுதியாக நீக்க முடிந்தால் கிடைப்பது ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு. விடையை உள்ளிடும் கேள்வியில் இழப்பு இல்லாததால், கடைசி நிமிடத்தில் தோன்றும் எண்ணை அங்கே இடுவதில் தயக்கம் வேண்டாம்.

2015 முதல் தேர்வுத் திரையிலேயே ஓர் எளிய கணிப்பான் தரப்படுகிறது. அதைச் சுட்டியால் அழுத்தித்தான் இயக்க வேண்டும் என்பதால், சிறு பெருக்கல்களை மனத்தில் செய்வதே விரைவானது. வீட்டில் கைப்பேசிக் கணிப்பானைப் பயன்படுத்திப் பழகியவர்கள் தேர்வறையில் தடுமாறுகிறார்கள். தேர்வுக்கு முன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் வெளியிடப்படும் மாதிரித் தேர்வில் அந்தத் திரையையே பயன்படுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய வினாத்தாள்களைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். 2008 வரை தாளில் நடந்த தேர்வு 2009 இல் கணினிக்கு மாறியது. தாள் காலத்துக் கேள்விகள் சிந்தனைக்கு நல்ல தீனி என்றாலும், இன்றைய போக்குக்கு நெருக்கமானவை 2017 க்குப் பிந்தையவையே. 2020 முதல் ஒரே நாளில் மூன்று வேளைகளாகத் தேர்வு நடப்பதால் ஆண்டுக்கு மூன்று வினாத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றில் கடைசி இரண்டு ஆண்டுகளின் தாள்களைத் தொடாமல் ஒதுக்கிவைத்து, முழுத் தேர்வாக எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்துவதே சிக்கனம்.

முழுத் தேர்வு என்று சொல்லும்போது இரண்டு மணி நேரத்தையும் தொடர்ந்து எழுதுவதையே குறிக்கிறேன். கணிதம் வரும்போது 80 நிமிட வாசிப்பும் தருக்கமும் மூளையைக் களைப்படையச் செய்திருக்கும். காலையில் புத்துணர்வோடு கணிதப் பகுதியை மட்டும் எழுதிப் பெறும் மதிப்பெண் உண்மையான அளவுகோல் ஆகாது. எழுதிய அன்றே, நேரம் வைக்காமல், விட்ட கேள்விகள் அனைத்தையும் தீர்த்துப் பார்க்க வேண்டும். விட்டவற்றில் எளிதானவை எத்தனை, தொட்டவற்றில் தொட்டிருக்கவே கூடாதவை எத்தனை என்று எண்ணி எழுதினால், கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் திறன் வளர்கிறதா என்பது சில தேர்வுகளிலேயே தெரிந்துவிடும். வேலைக்குச் செல்பவர்கள் வார நாள்களில் ஒரு மணி நேரத்தைத் தலைப்புவாரிப் பயிற்சிக்கும், ஞாயிற்றுக்கிழமையை முழுத் தேர்வுக்கும் அதன் ஆய்வுக்கும் ஒதுக்கினால் போதும்.

தேர்வறையில் தரப்படும் வேலைத்தாளைப் பயன்படுத்தும் முறையையும் இந்த ஞாயிறுகளிலேயே பழகிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் கேள்வி எண்ணிட்டு, கோடிட்டுப் பிரித்த தனிக் கட்டத்தில் செய்தால், பாதியில் விட்ட கணக்குக்கு இரண்டாம் சுற்றில் திரும்பும்போது அதை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.