லோரோங் (குறுந்தெரு) மக்கள் சேர்ந்து ஏடிஸ் கொசுவை ஒழிப்பது எப்படி

மலேசியாவில் நாம் வாழும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கூட்டுத் துப்புரவுப் பணி என்றால் சாலையோரப் புல்லை வெட்டுகிறோம், கால்வாய் அடைப்பை எடுக்கிறோம், வியர்வையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்த உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாற்றமெடுக்கும் சாக்கடையைவிடத் தெளிந்து தேங்கிய நீரையே பெரிதும் விரும்புகிறது. பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்து நீர்த்தட்டு, கூரைத் தகரத்தின் வடிகால், கார்த்திகைக்குப் பிறகு மாடத்திலேயே விட்ட அகல்விளக்கு ஆகியவையே அதற்கு வீடு. ஆகவே துடைப்பம் முதலில் போக வேண்டிய இடம் நம் வீட்டு வேலிக்கு உள்ளேதான்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இந்த வேலையைத் தொடங்குவது ஒரு வகையில் எளிது, ஏனென்றால் இங்குள்ள பெரியவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்தவர்கள். தோட்ட மருத்துவமனையின் மருத்துவ உதவியாளரான டிரஸர் லயத்தைச் சுற்றிவந்து தண்ணீர்த் தொட்டியையும் வீட்டுப் பின்புறத்தையும் பார்த்துவிட்டுப் போனதை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தாமானுக்கு வந்த பிறகு நம் வீட்டுப் பின்புறத்தைப் பார்க்க அப்படி வழக்கமாக யாரும் வருவதில்லை. அந்தப் பொறுப்பை லோரோங்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். முழுத் தாமானையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய முயன்றால் எதுவும் நடக்காது. ஏடிஸ் கொசு பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து 200 மீட்டருக்குள்ளேயே சுற்றுகிறது. 20 அடி அகலமுள்ள வீடுகள் இருபது வரிசையாக நின்றால் அது ஏறக்குறைய 120 மீட்டர். அதாவது ஒரு வீட்டுத் தொட்டியில் பிறக்கும் கொசுவுக்கு அந்த லோரோங் முழுவதும் எட்டும் தூரம்தான், பத்தொன்பது வீடுகள் சுத்தமாக இருந்தும் ஒரு வீடு தவறினால் பயன் குறைந்துவிடும். எனவே ஒரு லோரோங்கை ஓர் அலகாகக் கொள்வதே சரி.

அறிவிப்பை வாட்சாப் குழுவில் மலாய் மொழியிலும் போடுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாமல் வீடு வீடாகச் சென்று அழையுங்கள். முனை வீட்டு மலாய்க்கார மாக் சிக்கையும் எதிர் வீட்டுச் சீன அங்கிளையும் நேரில் அழைத்தால்தான் அது எல்லாருடைய வேலையாகிறது. வாடகை வீட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள். வாளிகளில் நீர் பிடித்துவைத்துப் புழங்குபவர்கள் அவர்களிலும் உண்டு, அழைத்தால் மனமகிழ்ந்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது. கோயில் திருவிழா, சீனர்கள் முன்னோர் கல்லறைக்குச் செல்லும் ஏப்ரல் முற்பகுதி, நோன்பு மாதம் ஆகியவற்றைப் பார்த்துத் தேதி குறியுங்கள். காலை உணவை ஹலால் கடையிலிருந்து வாங்கி, மாட்டிறைச்சியைத் தவிர்த்து, சைவர்களுக்குத் தனியாக வைத்தால் எல்லாரும் ஒரே மேசையில் அமர முடியும். பழைய சோபா, மெத்தை, டயர் போன்றவற்றை அள்ளிச் செல்ல லோரியோ பெரிய குப்பைத் தொட்டியோ கேட்டு, உங்கள் நகராண்மைக் கழகத்துக்கு முன்கூட்டியே அண்டைவீட்டார் அமைப்பான ருக்குன் தெத்தாங்கா மூலமாகக் கடிதம் கொடுங்கள். ருக்குன் தெத்தாங்கா தொடங்கப்பட்டதும், கொசு வளர இடம்கொடுப்பதைக் குற்றமாக்கிய நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் இயற்றப்பட்டதும் ஒரே ஆண்டில், 1975இல்தான். அண்டைவீட்டு உறவும் கொசு ஒழிப்பும் இந்நாட்டில் ஒன்றாகவே வயது ஏறி வந்திருக்கின்றன என்று எனக்குத் தோன்றும்.

அன்றைய வேலையில் மிகவும் கவனம் தேவைப்படுவது பிறர் வீட்டு வளாகத்துக்குள் நுழையும் கட்டம். இளைஞர்கள் இருவரோடு அவ்வீட்டாருக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரும் செல்லட்டும். எங்கள் லோரோங்கில் ஒரு பாட்டியின் வீட்டுப் பின்புறச் சுவரோரம், ரப்பர் மரம் வெட்டிய காலத்துப் பால் பிடிக்கும் மங்குகள் பத்துப் பன்னிரண்டு நிமிர்ந்தபடி வரிசையாக இருந்தன. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, விரற்கடை ஆழ மழைநீரில் மயிரிழை போன்ற புழுக்கள் நெளிந்து, வெளிச்சம் பட்டதும் அடிக்கு இறங்கின. உடன் வந்த தம்பி, “பாட்டி, இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா?” என்று கேட்டதும் பாட்டியின் முகம் வாடிவிட்டது. “இந்த மங்குதானய்யா எம் பிள்ளைங்களைப் படிக்க வெச்சது,” என்றார். அவற்றைத் தேய்த்துக் கழுவி, கம்பியில் கோத்து, வாய் கீழ்நோக்கும்படி கூரையடியில் தொங்கவிட்டோம். பொருளை எறிய வேண்டும் என்பதில்லை, அதில் நீர் நிற்காமல் செய்தால் போதும். கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம் தாமானை ஒட்டியிருந்தால், மரங்களில் மாட்டியபடியே கிடக்கும் மங்குகளையும் உரிமையாளரின் அனுமதியோடு கவிழ்த்துவிடுங்கள்.

கழுவுவதிலும் ஒரு முறை உண்டு. பெண் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. அம்முட்டை நீரின்றிப் பல மாதங்கள் கிடந்தாலும் மறுபடியும் நனைந்தால் பொரித்துவிடும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தூரிகையால் உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். அன்றாடம் புழங்கும் குளியலறைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். முடியாவிட்டால் 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் என்ற அளவில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைத் துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். பூசைக் குவளை நீரை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள். இதை எதிர்வீட்டுச் சீனர்களின் பூசைமாடப் பூச்சாடிக்காகவும் சொல்கிறேன்.

புகையடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். நீரிலுள்ள புழுவையும் உலர்ந்த முட்டையையும் அது தொடாது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால், பெருந்துப்புரவு முடிந்த பிறகும் வாரந்தோறும் பத்து நிமிடம் ஒவ்வொரு வீட்டாரும் தம் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும். லோரோங் குழுவில் ஞாயிறு காலை யாரேனும் ஒருவர் நினைவூட்டினால் பழக்கம் நிலைக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் சுவரை மட்டும் ஏறிக் குதிக்காதீர்கள். வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, வெளியிலிருந்து படம் எடுத்து, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

லோரோங்கில் யாருக்கேனும் டிங்கி கண்டால் அந்த வீட்டை ஒதுக்காதீர்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாள்கள் அளவில் நோயாளியைக் கடிக்கும் கொசு அக்கிருமியைப் பிறருக்குக் கொண்டுபோகும் என்பதால், அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். ஆஸ்பிரினும் ஐபுபுரூபனும் கொடுக்கக் கூடாது. மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்குவதைக் கண்டு நிம்மதியடைவது ஆபத்தானது. அப்போது கடும் வயிற்றுவலியோ, விடாத வாந்தியோ, ஈறில் இரத்தமோ, மிகுந்த சோர்வோ தெரிந்தால் அரை நாள்கூடப் பொறுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அவ்வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் யார், இரவில் யாரை எழுப்பலாம் என்பதை அன்றே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.