முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: நெக்கை வாங்குங்கள், பாடியைச் செய்யுங்கள்

சொந்தமாக எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் மிரள்வது ஒயரிங்கைப் பார்த்துத்தான். உண்மையில் அது ஒரு மாலை நேர வேலை. கை நடுங்க வைப்பது மரவேலை, அதிலும் விரல் ஓடும் கழுத்துப் பகுதியான நெக்.

ஏன் என்று சொல்கிறேன். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து, பாடியில் அதைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம் 648 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37 மி.மீ.; முதல் ஃப்ரெட், அதாவது நெக்கில் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை, அங்கே. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் 34.33, அது முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளி. இப்படியே 21 அல்லது 22 பள்ளங்கள் அறுத்து, ஃப்ரெட் கம்பிகளை அடித்து இறக்கி, எல்லாவற்றின் தலையையும் ஒரே மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும். மேல் ஃப்ரெட்களில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே சுருதி விலகுவது காதில் படும். போதாக்குறைக்கு நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு வேறு உள்ளே. முதல் கிட்டாரிலேயே இதில் கை வைக்காதீர்கள். ஃப்ரெட் அடித்த நெக்கைக் கடையில் வாங்கி, பாடியை மட்டும் நீங்கள் செய்யுங்கள். அப்படிச் செய்தாலும் அது உங்கள் கிட்டார்தான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எந்த மாடல்?

யோசிக்கவே வேண்டாம், டெலிகாஸ்டர் குடும்பம். அதிலும் 1950-இல் ஃபெண்டர் கொண்டுவந்த எஸ்கொயர் மாதிரி, கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப், பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒன்று. தட்டையான பலகை, வளைவு நெளிவு இல்லாத மேல்பரப்பு, நான்கு திருகில் மாட்டிய நெக். தொழிற்சாலையில் வேகமாகச் செய்யவும், நெக் கெட்டால் கழற்றி மாற்றவும் யோசித்து வடிவமைத்த கிட்டார் என்பதால், வீட்டில் செய்கிறவருக்கும் அதுவே சுலபம். லெஸ் பால் மாதிரி நெக்கைக் கோணம் வைத்துப் பசையில் ஒட்டும் கிட்டார்கள் அழகுதான், அவை அப்புறம்.

கடையில் வாங்க வேண்டியவை: டெலிகாஸ்டர் வகை நெக், ட்யூனர்கள், ஆறு சாடில் (கம்பிக்கு ஒன்றாக, கம்பி படியும் நகர்த்தக்கூடிய துண்டு) உள்ள பிரிட்ஜ், பிக்கப், வால்யூமுக்கும் டோனுக்கும் இரண்டு 250 கிலோ ஓம் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை), 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அவுட்புட் ஜாக், கண்ட்ரோல் பிளேட், நெக் பிளேட், 10–46 கம்பி செட் (மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046). பிரிட்ஜ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கம்பியைப் பிரிட்ஜின் பின் விளிம்பிலேயே கோத்துவிடும் டாப் லோடு வகையாக இருக்கட்டும். கம்பி பாடியைத் துளைத்துக்கொண்டு போகும் வகைக்கு 45 மி.மீ. மரத்தில் ஆறு ஓட்டைகள் நூல் பிடித்தாற்போல் இறங்க வேண்டும். டிரில் பிரஸ் இல்லாமல் அது வராது.

எல்லாம் கையில் வந்த பிறகே மரத்தில் கோடு போடுங்கள். இணையத்தில் கிடைக்கும் வரைபட அளவை நம்பி வெட்டிவிட்டு, வந்த நெக் அரை மில்லிமீட்டர் அகலம் கூடுதலாக இருந்தால் மரத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மரம்

ஃபெண்டர் பயன்படுத்தியது ஆஷ், ஆல்டர். நம் ஊர் மரவாடியில் இரண்டும் எளிதில் கிடைக்காது. மஹாகனி கிடைக்கும், தேக்கு எங்கும் கிடைக்கும். தேக்கு நன்றாகவே வேலைக்கு வரும், ஆனால் எடை கூடும். ஆல்டர் பாடியைவிட முக்கால் கிலோவுக்கு மேல் கூடலாம். தேக்கில் எண்ணெய்ப் பசையும் உண்டு, ஒட்டுவதற்கு முன் ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே பசை தடவ வேண்டும். ஈட்டி மரம் ஃப்ரெட் போர்டுக்கு உலகப் புகழ் பெற்றது, பாடிக்கு வேண்டாம், தோள் கழன்றுவிடும்.

எந்த மரம் என்பதைவிடக் காய்ந்த மரமா என்பதுதான் கேள்வி. ஈரம் உள்ள பலகை செய்து முடித்த பிறகு முறுக்கிக்கொள்ளும், நெக் உட்கார்ந்த இடம் வாய் பிளக்கும். பழைய வீட்டை இடித்த உத்தரமும் கதவும் விற்கும் கடைகளில் பல பத்தாண்டு காய்ந்த மரம் கிடைக்கும். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963-இல் தன் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் நெக், ஒரு பழைய கணப்படுப்பின் மரச் சட்டத்திலிருந்து வந்தது. அந்த கிட்டாரைத்தான் அவர் மேடைகளில் வாசித்து வந்திருக்கிறார். பழைய மரம் வாங்கினால் காந்தத்தை ஓட்டிப் பார்த்து உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். மரத்தில் பள்ளம் குடையும் மின்கருவியான ரூட்டரின் பிட் ஆணியில் பட்டால் பிட்டும் போச்சு, கண்ணுக்கும் ஆபத்து.

45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 45 மி.மீ. கனம் தேவை. அவ்வளவு அகலத்தில் ஒரே பலகை கிடைக்காது. இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டலாம். இரண்டு விளிம்பையும் இழைத்துச் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். நடுவே ஒளிக்கோடு தெரிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். கிளாம்ப்பை முறுக்கி இடைவெளியை மூடிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

நடுக்கோடு, நெக் பாக்கெட், பிரிட்ஜ்

கிட்டார் ஒழுங்காக அமைவதும் அமையாததும் இந்த மூன்றில் இருக்கிறது. இதற்கு ஒரு நாள் முழுதும் ஒதுக்குங்கள். வெளி வடிவத்தை இன்னும் வெட்ட வேண்டாம். பலகை சதுரமாக இருக்கும்போதுதான் ரூட்டர் உட்கார இடம் இருக்கும், கிளாம்ப் போடவும் வசதி.

பலகையின் நடுவில் கூர்மையான பென்சிலால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. அதை விளிம்பில் இறக்கிப் பின்பக்கமும் தொடருங்கள். இனி எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான்.

டெலிகாஸ்டர் நெக்கின் அடிப்பகுதி சுமார் 56 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம். அது உட்காரும் பள்ளத்தின் ஆழம் 16 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் டெம்ப்ளேட் செய்து, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, பேரிங் வைத்த பிட்டால் ரூட்டர் ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு 4, 5 மி.மீ. ஆழம் போதும். ரூட்டர் மூலைகளை வட்டமாகவே விடும். நெக்கின் அடி சதுரமாக இருந்தால் மூலைகளை உளியால் செதுக்கிக் கொடுங்கள்.

பள்ளம் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? நெக்கைக் கையால் அழுத்திச் செருகி, திருகு போடாமல் நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பலகையும் கூடவே எழ வேண்டும். சுத்தியல் கேட்டால் ரொம்ப இறுக்கம்; பாடியில் பாலிஷ் ஏறிய பிறகு அது மரத்தைப் பிளந்துவிடும். பக்கவாட்டில் ஆடினால் தளர்வு.

நெக் உட்கார்ந்ததும் பிரிட்ஜ். நட்டின் ஃப்ரெட் போர்டு பக்க விளிம்பிலிருந்து 12-ஆவது ஃப்ரெட்டின் நடுவரை அளந்தால் 324 மி.மீ. வரும். அங்கிருந்து இன்னொரு 324 போனால் சாடில் நிற்க வேண்டிய இடம். ஆனால் ஆறு சாடிலும் ஒரே கோட்டில் நிற்காது. கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். தடித்த கம்பியில் இன்னும் அதிகம். அதைச் சரிக்கட்டச் சாடில்களைப் பின்னால் தள்ளி நீளம் கூட்ட வேண்டும். அதனால் மெல்லிய ஈ கம்பியின் சாடிலை முன்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்துத் தள்ளிக்கொண்டு, அதன் உச்சி சரியாக 648-இல் வரும்படி பிரிட்ஜை வையுங்கள். மற்ற ஐந்தும் பின்னால் போகத் தாராளமாக இடம் கிடைக்கும்.

இன்னும் துளை போடாதீர்கள். நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் இரண்டு ஓரச் சாடில்களுக்கு நூல் இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரு நூலும் ஃப்ரெட் போர்டு விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நெருங்கினால் அந்தப் பக்கக் கம்பி வாசிக்கும்போது ஓரம் வழுக்கி விழும். பிரிட்ஜை இப்படி அப்படி நகர்த்திச் சரி செய்தபின் துளைகளைக் குறியுங்கள். கூடவே நீளமான எஃகு ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்கள் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் அடி, சாடில் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த நிலைக்குச் சற்று மேலே வர வேண்டும். கீழே வந்தால் கம்பியைத் தேவையான அளவு இறக்க முடியாது, நெக்குக்கு அடியில் மெல்லிய மரத்தகடு கொடுக்க வேண்டியிருக்கும்.

வடிவமும் குழிகளும்

பாடி வடிவ டெம்ப்ளேட்டை நடுக்கோட்டில் பொருத்தி வரைந்து, கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே ஜிக்சாவால் அறுங்கள். மிச்சத்தை ரூட்டர் எடுக்கும். வெளி விளிம்பில் ரூட்டரை இடமிருந்து வலமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக நகர்த்துங்கள். குழிகளுக்குள் முள் சுற்றும் திசையில். மாற்றி ஓட்டினால் ரூட்டர் கையை மீறி ஓடும். கொம்பு முனைகளில் மரத்தின் நார் குறுக்கே வருவதால் சில்லு பெயரும். அங்கே மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஒரு மில்லிமீட்டராக எடுங்கள். கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் ரூட்டரைத் தொட வேண்டாம், எம்.டி.எஃப். தூசி மரத்தூசியைவிட மோசம்.

பாட்கள் உட்காரும் குழி சுமார் 38 மி.மீ. ஆழம். 45-இல் மிஞ்சுவது 7 மி.மீ. தான், டெப்த் ஸ்டாப்பை இரண்டு முறை பாருங்கள். பிக்கப் குழியிலிருந்து கண்ட்ரோல் குழிக்கு ஒயர் போக ஒரு சாய்வுத் துளை. பிரிட்ஜுக்கு அடியிலிருந்து இன்னொரு மெல்லிய துளை. பக்கவாட்டில் ஜாக்குக்கு ஒன்று.

நெக் திருகுத் துளைகளில் புதியவர்கள் அறியாத ஒரு விஷயம் உண்டு. பாடியில் உள்ள துளை வழியே திருகு தடையில்லாமல் போய்வர வேண்டும். மரை நெக்கில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பாடியிலும் மரை பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி நிற்கும். நெக்கில் 3 மி.மீ. துளை, பிட்டில் டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொண்டு. திருகின் மரையில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். உலர்ந்த மேப்பிளில் திருகு பாதியில் முறிந்தால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

பாலிஷ்

120, 180, 240, 320 என்று உப்புத்தாளை நார் போகும் திசையிலேயே தேய்த்துவிட்டு, ஆளி விதை எண்ணெயோ டங் ஆயிலோ மெல்லிசாகப் பல முறை பூசலாம். தெரிந்த பாலிஷ்காரர் இருந்தால் சீலரும் லேக்கரும் அடித்து வாங்கலாம். எதுவானாலும் நெக் பாக்கெட்டை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடேறித் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஒயரிங்

வால்யூம் பாட்டின் முதுகு உங்களைப் பார்க்க, மூன்று கால்களும் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடது காலுக்குப் பிக்கப்பின் ஹாட் (சிக்னல்) ஒயர். நடுக்காலிலிருந்து ஜாக்கின் டிப்புக்கு (பிளக்கின் முனையைத் தொடும் கால்). வலது காலை மடக்கிப் பாட்டின் முதுகிலேயே பற்றவையுங்கள், அதுதான் கிரவுண்டு. டோன் பாட்டையும் அதே மாதிரி பிடித்து, வால்யூமின் இடது காலிலிருந்து ஒரு ஒயரை டோனின் வலது காலுக்குக் கொண்டுவாருங்கள். நடுக்காலுக்கும் முதுகுக்கும் இடையே கெபாசிட்டர். பிக்கப்பின் கிரவுண்டு, ஜாக்கின் ஸ்லீவ் (பிளக்கின் உடலைத் தொடும் கால்), இரண்டு பாட்களின் முதுகு எல்லாம் ஒன்றோடொன்று சேர வேண்டும். பாட் முதுகை உப்புத்தாளால் சுரண்டிவிட்டால்தான் ஈயம் பிடிக்கும்.

பிரிட்ஜுக்கு அடியில் தோல் உரித்த ஒயர் முனையை விரித்து வைத்து, மறுமுனையைக் கிரவுண்டில் சேருங்கள். இதை விட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபயர் ஓயாமல் இரையும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் இணைப்பு சரி. கம்பியும் உங்கள் கையும் கிரவுண்டோடு சேர்ந்திருப்பதால், ஆம்ப்ளிஃபயரை எர்த் உள்ள மூன்று முள் சாக்கெட்டில் மட்டுமே செருகுங்கள். கம்பி மாட்டும் முன்பே சோதிக்கலாம்: ஆம்ப்பில் இணைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் பிக்கப்பின் காந்தங்களை மெல்லத் தட்டினால் ‘டக்’ என்று கேட்கும்.

கம்பி மாட்டிய பிறகு

10–46 செட்டைச் சுருதி கூட்டியதும் நெக் மேல் சுமார் 45 கிலோ இழுவை ஏறுகிறது. சிறிது முன்னோக்கி வளைவது இயல்பு. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, 7-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள், 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி போதும். கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, சுருதி சேர்த்து, மறுபடி பாருங்கள். ஒரேயடியாக முறுக்கக் கூடாது.

அடுத்து சாடில் உயரம்: 12-ஆவது ஃப்ரெட்டில் தடித்த ஈ கம்பி 2 மி.மீ., மெல்லியது 1.6 மி.மீ. அளவில் தொடங்குங்கள். பிறகு இன்டோனேஷன், அதாவது ஃப்ரெட்களில் அழுத்தி வாசிக்கும்போதும் சுருதி சரியாக நிற்பது. 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே விரலை லேசாக வைத்து ஹார்மோனிக் எழுப்புங்கள், பிறகு அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். அழுத்திய ஸ்வரம் ட்யூனரில் ஏறிக் காட்டினால் சாடிலைப் பின்னுக்கு, இறங்கிக் காட்டினால் முன்னுக்கு. ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

புதுக் கம்பியும் புது நெக்கும் முதல் வாரம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். தினமும் வாசித்து, வாரம் கழித்து டிரஸ் ராட், உயரம், இன்டோனேஷன் மூன்றையும் இதே வரிசையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெக் திருகுகளையும் அப்போதே கால் சுற்று இறுக்கிக்கொள்ளலாம்.